ஒரே கிருமி, வெவ்வேறு வயிறுகள்

கொலம்பியாவின் தென்மேற்கு மூலையில், ஈக்வடார் எல்லையை ஒட்டி நரீஞோ என்றொரு மாகாணம் இருக்கிறது. ஒரு பக்கம் ஆண்டீஸ் மலை, மறுபக்கம் பசிபிக் கடல். மலைமேல் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் தூக்கெரெஸ் என்ற ஊர். கடலோரத்தில் துமாக்கோ என்ற துறைமுகம். நடுவில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு ஊர்களிலும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் மலையூரில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 150 பேருக்கு வருகிறது. கடலோரத்தில் சுமார் 6 பேருக்கு. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்.

இதைப் பார்த்துவிட்டு, கிருமிக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். அது தவறு. இரைப்பை உணவுக்குழாயோடு சேரும் மேல் முனையை விட்டுவிட்டால், மற்றப் பகுதிகளில் உண்டாகும் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பங்கு இந்தக் கிருமியின் கணக்கில்தான் சேர்கிறது. அதே நேரத்தில், கிருமி இருப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரைதான் வாழ்நாளில் அந்த நோய்க்கு ஆளாகிறார்கள். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் வயிற்றில் இருக்கும் கிருமி இது. 2022இல் உலகெங்கும் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 9.7 லட்சம் பேர், இறந்தவர்கள் சுமார் 6.6 லட்சம் பேர். கிருமி இல்லாமல் நோய் பெரும்பாலும் வருவதில்லை. கிருமி மட்டும் இருந்தால் நோய் பெரும்பாலும் வருவதில்லை. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் நிறுத்தாமல் இந்தக் கேள்விக்குள் நுழைய முடியாது. பொதுவெளியில் நடக்கும் விவாதங்களில் யாராவது ஒரு தரப்பார் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

தொற்றால் புற்றுநோய் வரும் என்ற எண்ணமே நீண்ட காலம் மதிப்பிழந்து கிடந்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதுவும் இரைப்பையைச் சார்ந்ததே. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஃபிபிகர், கரப்பான் பூச்சி வழியாக எலிகளுக்குள் போகும் ஒருவகைப் புழு அவற்றின் இரைப்பையில் புற்றை உண்டாக்குகிறது என்று காட்டினார். அதற்காக 1926ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசும் பெற்றார். பின்னால் சோதித்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. எலிகளுக்கு வைட்டமின் ஏ போதாமல் இருந்ததும், அவர் கண்ட கட்டிகள் உண்மையான புற்றே அல்ல என்பதும் தெரியவந்தன. அந்தச் சறுக்கலுக்குப் பிறகு, வயிற்றுப் புற்றைத் தொற்றோடு முடிச்சுப்போட்டுப் பேச எவருக்கும் துணிவு வரவில்லை.

இன்னொரு தடை, ‘இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது’ என்ற பாடம். சுருள் வடிவ நுண்ணுயிர்களை இத்தாலியரான ஜூலியோ பிஸ்ஸோஸெரோ 1893இலேயே நாயின் இரைப்பையில் பார்த்து எழுதியிருந்தார். ஆனால் 1954இல் அமெரிக்க மருத்துவர் பால்மர், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுக்களை ஆராய்ந்து, கிருமி எதுவும் இல்லை என்று அறிவித்தார். அவர் பயன்படுத்திய சாயம் இந்தக் கிருமியை எடுத்துக்காட்டும் சாயமல்ல. அந்த ஒரு கட்டுரை இருபத்தைந்து ஆண்டுக் காலம் கதவை அடைத்துவைத்தது. கிரேக்க நாட்டின் மிஸ்ஸொலோங்கி நகரத்து மருத்துவர் யோனிஸ் லிகூடிஸ் 1958 முதல் வயிற்றுப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது அபராதம்.

கதவு திறந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். 1979 ஜூன் மாதம், ராயல் பெர்த் மருத்துவமனையின் திசுநோய் வல்லுநர் ராபின் வாரன், அழற்சி கண்ட இரைப்பைத் திசு ஒன்றில் நீலக்கோடாக ஏதோ படிந்திருப்பதைக் கவனித்தார். வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது வளைந்த பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. 1981இல் அவரோடு இளம் மருத்துவர் பேரி மார்ஷல் சேர்ந்தார். கிருமியை வளர்த்தெடுக்கும் முயற்சி முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளில் தோற்றது. காரணம் எளிது: இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தட்டை எறிந்துவிடுவது ஆய்வகத்தின் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே இருந்துவிட்டன. திரும்பிவந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் கிருமி.

மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தது எல்லோரும் சொல்லும் கதை. சில நாட்களில் வாந்தி வந்தது; ஏறத்தாழ பத்தாவது நாள் எடுத்த என்டோஸ்கோபியில் அழற்சியும் கிருமியும் இருந்தன. 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மார்ஷல் குடித்த கரைசல் நிரூபித்தது இரைப்பை அழற்சியை மட்டுமே. புற்றுநோயை அப்படி யாரும் குடித்து நிரூபிக்க முடியாது. தொற்றுக்கும் புற்றுக்கும் நடுவே முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன.

அந்த இடைவெளியைக் கடக்க உதவியவை உறைபெட்டிகளில் கிடந்த பழைய ரத்த மாதிரிகள். ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 5,908 பேரிடம் 1967 முதல் 1970 வரை வேறொரு ஆய்வுக்காக எடுத்த ரத்தம் பத்திரமாக இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர்களில் 109 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. பழைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, நோய் வந்தவர்களில் 94 விழுக்காட்டினருக்கும், வராத ஒப்பீட்டுக் குழுவில் 76 விழுக்காட்டினருக்கும் இந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஆபத்து ஆறு மடங்கு. கலிஃபோர்னியாவிலும் பிரிட்டனிலும் இதே முறையில் நடந்த ஆய்வுகள் அதே 1991ஆம் ஆண்டு வெளிவந்து அதே திசையைக் காட்டின. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஹெலிகோபாக்டர் பைலோரியை முதல் வகைப் புற்றுக்காரணியாக வகைப்படுத்தியது. புகையிலைக்கும் கல்நாருக்கும் பக்கத்தில் ஒரு பாக்டீரியா இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

ஜப்பானில் உவெமுராவும் அவருடைய சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையின் மையக் கல் என்று நினைக்கிறேன். 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் என்டோஸ்கோபி மூலம் பின்தொடர்ந்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

சரி, ஒரு பாக்டீரியா இதை எப்படிச் செய்கிறது?

முதலில் அது அமிலத்தில் பிழைக்க வேண்டும். யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உண்டாக்கி, இரைப்பையிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றிலும் அமிலத்தை முறித்துக்கொள்கிறது. இதை என்டோஸ்கோபி அறையில் கண்ணாலேயே பார்க்கலாம். நோயாளியின் இரைப்பையிலிருந்து கடுகளவு சதை எடுத்து, யூரியாவும் நிறங்காட்டியும் கலந்த மஞ்சள் ஜெல்லில் அழுத்தி வைப்பார்கள். கிருமி இருந்தால் சதையைச் சுற்றி இளஞ்சிவப்பு படரத் தொடங்கும். கிருமி மிகுதியாக இருந்தால் சில நிமிடங்களே போதும். நோயாளியின் உடலுக்குள் ஆண்டுக்கணக்காக நடந்துகொண்டிருந்த வேதிவினையே அந்த ஜெல்லில் நிறமாக வெளிவருகிறது.

அமிலத்தை முறித்தபின், வால்போன்ற கசையிழைகளால் நீந்தி, சுருள் உடலால் சளிப்படலத்தைத் துளைத்து, செல்களின் மேற்பரப்புக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்தோ உடன்பிறந்தவர்களிடமிருந்தோ தொற்றுகிறது. மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கிறது.

இந்தக் கிருமியின் எல்லா ரகங்களும் ஒன்றல்ல. ஆபத்தான ரகங்களின் மரபுத்தொகுதியில் சுமார் 40,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு கூடுதலாக இருக்கிறது. அதில் உள்ள மரபணுக்கள் ஒரு நுண்ணிய குழாய்க் கருவியை அமைக்கின்றன. அதன் வழியாக, ஊசி போடுவதுபோல, காக்-ஏ என்ற புரதத்தை நம் இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகிறது கிருமி. உள்ளே போன அந்தப் புரதத்தை நம்முடைய செல்லின் நொதிகளே பாஸ்பேட் ஏற்றி இயங்கவைக்கின்றன. பிறகு அது, செல் வளர்ச்சியை முடுக்கிவிடும் ஷிப்-2 என்ற நொதியோடு கைகோக்கிறது. பக்கத்துச் செல்லோடு உள்ள இறுக்கம் தளர்கிறது, செல்லின் வடிவம் நீள்கிறது, இறக்க வேண்டிய செல் இறப்பதில்லை. ஜப்பானிய அறிஞர் மசனோரி ஹதகேயமாவின் குழு, கிருமியே இல்லாமல் காக்-ஏ மரபணுவை மட்டும் எலிகளில் சேர்த்து, அவற்றில் சிலவற்றுக்குப் புற்று உண்டாவதை 2008இல் காட்டியது. ஒரு பாக்டீரியாவின் புரதம் பாலூட்டியின் உடலில் நேரடியாகப் புற்றைத் தூண்டும் என்பதற்கு அதுவே முதல் சான்று. ஜப்பான், கொரியா, சீன ரகங்களின் காக்-ஏ ஷிப்-2வோடு மிக இறுக்கமாகப் பிணைகிறது; மேலை நாட்டு ரகங்களின் காக்-ஏ அவ்வளவு இறுக்கமாகப் பிணைவதில்லை. கிழக்காசியாவில் நோய் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் காக்-ஏ மட்டுமே கதாநாயகன் என்று எழுதிவிடக் கூடாது. சேதத்தின் பெரும்பகுதி நம்முடைய உடலின் பதில்வினையால் நடக்கிறது. கிருமியை விரட்ட வெள்ளணுக்கள் வருகின்றன. அவை வெளியிடும் ஆக்ஸிஜன் தீவிரக் கூறுகள் கிருமியைவிட நம் செல்களின் டிஎன்ஏவை அதிகம் தாக்குகின்றன. எதிர்ப்பொருள் உருவாக்கும் செல்களில் மட்டும் வேலை செய்ய வேண்டிய ஒரு திருத்த நொதி, இந்த அழற்சியின் நடுவே இரைப்பைச் செல்களில் விழித்துக்கொண்டு மரபணுக்களில் கண்டபடி மாற்றம் செய்வதைக் கியோட்டோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். புற்றைத் தடுக்கும் மரபணுக்கள் மேல் மெத்தில் முத்திரை விழுந்து அவை ஊமையாகின்றன. கிருமி விரட்டப்படுவதில்லை. சண்டை முப்பது ஆண்டு நடக்கிறது.

அந்த முப்பது ஆண்டில் இரைப்பையின் சவ்வு என்னவாகிறது என்பதைக் கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டவர் பெலாயோ கொர்ரேயா. கொலம்பியர். நரீஞோ மலை மக்களின் இரைப்பைத் திசுக்களை வைத்தே அவரும் சகாக்களும் 1975இல் தங்கள் கோட்பாட்டை வெளியிட்டார்கள். முதலில் மேலோட்டமான அழற்சி. பிறகு, அமிலம் சுரக்கும் சுரப்பிகள் ஒவ்வொன்றாக அழிதல். பிறகு, அழிந்த இடத்தில் வேறுவகைத் திசு முளைத்தல். நுண்ணோக்கியில் இந்தக் கட்டத்தைப் பார்த்தால், இரைப்பையில் இருக்கவே கூடாத, குடலுக்குரிய கோப்பை வடிவச் சளிச் செல்கள் இரைப்பைச் சுவரில் வரிசையாக நிற்கும். இரைப்பை தன்னைச் சிறுகுடல் என்று நினைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்து செல்களின் உருவும் அடுக்கும் குலைகின்றன. கடைசியில் புற்று. உப்பும் நைட்ரேட்டும் இந்த வரிசையைத் தொடக்கிவைப்பதாக அவர் முதலில் கருதினார். மார்ஷலும் வாரனும் கண்டதற்குப் பிறகு, தொடக்கப் புள்ளியில் கிருமியை வைத்து வரிசையை அவரே திருத்தி எழுதினார். (செல்கள் சிதறிப் பரவும் இன்னொரு வகைப் புற்று இந்த வரிசையில் ஒழுங்காக வருவதில்லை, அதிலும் கிருமிக்குப் பங்கு உண்டு, ஆனால் சிலருக்கு அது பரம்பரை மரபணுப் பிழையால் மட்டுமே வருகிறது.)

இங்கே ஒரு முரண்பாடு நெடுங்காலம் மருத்துவர்களைக் குழப்பியது. சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணுக்கும் இதே கிருமியே காரணம். ஆனால் அந்தப் புண் உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்று குறைவாகவே வருகிறது. உவெமுராவின் ஆய்விலும் அப்படிப்பட்ட நோயாளிகளில் ஒருவருக்கும் வரவில்லை. விடை, அழற்சி எங்கே நடக்கிறது என்பதில் இருக்கிறது. இரைப்பையின் அடிப்பகுதியில் மட்டும் அழற்சி இருந்தால் அமிலம் கூடுகிறது; குடலில் புண் வருகிறது. மேலேயுள்ள பெரிய பகுதிக்கு அழற்சி பரவினால் அமிலச் சுரப்பிகள் சாகின்றன, அமிலம் குறைகிறது, புற்றுக்கு வழி திறக்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சமிக்ஞையை அதிகமாகச் சுரக்கும் மரபு உள்ளவர்களுக்கு அமிலமும் குறைகிறது, புற்று ஆபத்தும் கூடுகிறது என்று 2000இல் வந்த ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது.

மனித மரபணுவின் பங்கு இன்னும் ஆழமானது என்பதை 2023இல் ஜப்பானிலிருந்து வந்த பேராய்வு உணர்த்தியது. மார்பகப் புற்றோடு பேசப்படும் பிஆர்சிஏ போன்ற, டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் மரபணுக்களில் பிழையோடு பிறந்தவர்களுக்குக் கிருமியும் இருந்தால், 85 வயதுக்குள் இரைப்பைப் புற்று வரும் வாய்ப்பு 45.5 விழுக்காடு. நோய் மிகுந்த ஜப்பானில், கிருமி மட்டும் இருந்து மரபணு சரியாக இருப்பவர்களுக்கு 14.4 விழுக்காடு. கிருமி உடைக்கிறது, சரிசெய்யும் கருவி பழுதாக இருந்தால் உடைந்தது உடைந்தபடியே தங்கிவிடுகிறது.

இப்போது நரீஞோவின் புதிருக்கு ஓரளவு விடை சொல்லலாம். துமாக்கோ மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். தூக்கெரெஸ் மக்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பழங்குடி வழியினர். கடலோரத்தாரின் வயிற்றுக் கிருமியில் ஆப்பிரிக்க வழி வந்த பகுதி அதிகம். மலையூராரின் கிருமியோ ஸ்பானியர்கள் வழியாக வந்த ஐரோப்பியச் சாயல் மிகுந்தது. இரு ஊராரின் மரபையும் அவரவர் கிருமியின் மரபையும் சேர்த்து ஆராய்ந்த குழு 2014இல் ஒரு முடிவுக்கு வந்தது: மனிதரும் கிருமியும் ஒரே பூர்வீகத்திலிருந்து சேர்ந்து வந்திருந்தால் சேதம் குறைவு, வேறொரு கண்டத்துக் கிருமி வந்து குடியேறியிருந்தால் சேதம் கடுமை. இந்தக் கிருமி, மனிதர் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய நாளிலிருந்து, சுமார் 60,000 ஆண்டுகளாக நம்மோடு பயணிக்கிறது என்பதை நினைத்தால் இது வியப்பளிக்காது. கடலோரக் குழந்தைகளிடம் குடற்புழுத் தொற்று அதிகம் என்பதும், அது அழற்சியின் தன்மையை மென்மையாக்குகிறது என்பதும் இன்னொரு விளக்கம். எலிகளில் இதற்குச் சான்று உண்டு. உணவும் உண்டு. மிகையான உப்பு சளிப்படலத்தைக் கெடுப்பதோடு, சில ரகங்களில் காக்-ஏ உற்பத்தியையே கூட்டுகிறது. குளிர்சாதனப் பெட்டி வந்து உப்பிட்டுப் பதப்படுத்துவது குறைந்த நாடுகளில் இரைப்பைப் புற்றும் சரிந்தது தற்செயலாக இருக்க முடியாது.

ஆப்பிரிக்காவிலும் இதே முரண் பேசப்பட்டது. கிருமி மிகுதி, புற்று குறைவு என்று 1992இல் ஒரு கட்டுரை ‘ஆப்பிரிக்கப் புதிர்’ என்று பெயர் சூட்டியது. அதில் ஒரு பகுதியை நான் ஏற்கத் தயங்குகிறேன். என்டோஸ்கோபி வசதியும் புற்றுநோய்ப் பதிவேடும் இல்லாத இடத்தில் நோய் குறைவு என்று சொல்வதற்கு முன், நோயைத் தேடிப் பார்த்தோமா என்று கேட்க வேண்டும்.

தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சான்று மலேசியாவில் இருக்கிறது. ஒரே நாடு, ஒரே தட்பவெப்பம். சீனர்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், இந்தக் கிருமி மிகுதியாக இருக்கிறது. மலாய்க்காரர்களுக்குக் குறைவு, குறிப்பாகக் கிளந்தானில் மிக மிகக் குறைவு. ஆனால் புற்றுநோய் சீனர்களுக்கு அதிகம்; இந்தியர்களுக்கு அவர்களைவிடப் பல மடங்கு குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியன் லீ இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கிருமிகளின் மரபை 2009இல் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: மலாய்க்காரர்களிடம் உள்ள கிருமிகளில் பெரும்பகுதி இந்தியக் கிருமிகளின் கிளை; அண்மைக் காலத்தில்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தியரின் கிருமியில் கிழக்காசிய வகைக் காக்-ஏ இல்லை என்பது விடையின் ஒரு பகுதி. இந்திய வீட்டுச் சமையலின் மஞ்சளும் பூண்டும் காப்பாற்றுகின்றன என்று சிலர் சொல்வதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இன்னும் இல்லை. அதை நம்பி யாரும் ஆறுதல் அடைய வேண்டாம்.

ஏனென்றால் இந்தியாவுக்குள்ளேயே இந்த ஆறுதல் எல்லா இடத்திலும் செல்லாது. மிசோரமின் ஐசால் மாவட்டத்தில் இரைப்பைப் புற்று நாட்டிலேயே மிக அதிகம். புகையிட்ட இறைச்சியும், புகையிலைப் புகையை நீரில் கரைத்து வாயில் அடக்கிக்கொள்ளும் ‘துய்புர்’ பழக்கமும் அங்கே பேசப்படும் காரணங்கள். தென்னிந்தியாவில் சென்னையின் நிலையும் கவலைக்குரியதாகவே இருந்துவந்திருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து பராமரிக்கும் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது. மும்பையிலோ டெல்லியிலோ அப்படி இல்லை. கிருமி எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க, நோய் மட்டும் ஏன் வடக்கே குறைந்து தெற்கே கூடுகிறது? புகைத்தல் ஒரு காரணம் என்பது உறுதி. உணவின் பங்கும் பேசப்படுகிறது. நம் ஊர்க் கிருமியையும் நம் மக்களின் மரபையும் நம் உணவையும் ஒரே ஆய்வில் சேர்த்துப் பார்க்கும் வேலை, நரீஞோவில் நடந்ததுபோல, இங்கே நடக்க வேண்டும். அதற்கான நோயாளிகளும் பதிவேடும் நிபுணர்களும் நம்மிடம் இருக்கிறார்கள்.

ஹெலிகோபாக்டர் மட்டும்தானா என்ற கேள்வி கடந்த இருபது ஆண்டுகளாக வளர்ந்துவருகிறது. சுரப்பிகள் அழிந்து அமிலம் குறைந்த இரைப்பையில் ஹெலிகோபாக்டருக்கே வாழ வசதியில்லை; அது மெல்ல மறைகிறது. புற்று தெரியும் நேரத்தில் சோதித்தால் கிருமி காணாமலே போயிருக்கலாம். தொடக்க கால ஆய்வுகள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டதற்கும் இதுவே காரணம். காலியான இடத்தில் வாயிலும் குடலிலும் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. சில எலி ஆய்வுகளில் ஹெலிகோபாக்டரோடு மற்றப் பாக்டீரியாக்களும் சேர்ந்திருந்தபோது புற்று விரைவாக வந்தது. அது மட்டும் தனியே இருந்தபோது தாமதமாகவே வந்தது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்ஜினோசஸ் என்ற வாய்ப் பாக்டீரியா எலியின் இரைப்பையில் தானாகவே அழற்சியையும் சுரப்பி அழிவையும் புற்றுக்கு முந்தைய மாற்றங்களையும் உண்டாக்க வல்லது என்று காட்டியது. மனிதரிடம் இதன் பங்கு எவ்வளவு என்பது இனிமேல்தான் தெரியும். என் கணிப்பில், இவை பின்னால் வந்து சேரும் துணைவர்கள். கதவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர்தான்.

அப்படியானால் கிருமியை ஒழித்தால் புற்று நிற்குமா? இரைப்பையில் வரும் மால்ட் லிம்ஃபோமா என்ற ஒரு வகை நிணநீர்ப் புற்று இதற்குத் திகைக்க வைக்கும் விடை தந்தது. 1993இல் லண்டன் ஆய்வாளர்கள், அந்நோயுள்ள ஆறு பேருக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேரிடம் கட்டி கரைந்தது. வழக்கமான இரைப்பைப் புற்று அப்படிக் கரைவதில்லை. அதில் காலம்தான் எல்லாம்.

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் 1,630 பேரிடம் நடந்த சோதனையை எடுத்துக்கொள்வோம். பாதிப் பேருக்குக் கிருமி ஒழிப்பு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஏழரை ஆண்டு கழித்து, மருந்து எடுத்தவர்களில் 7 பேருக்கும் எடுக்காதவர்களில் 11 பேருக்கும் புற்று. வேறுபாடு என்று சொல்லத் தகாத அளவு. ஆனால் தொடக்கத்தில் சுரப்பி அழிவோ திசு மாற்றமோ இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. எடுக்காதவர்களில் 6 பேருக்கு வந்தது. ஷாண்டோங் மாகாணத்தின் லின்சூ வட்டாரத்தில் 1995இல் இரண்டே வாரம் கொடுத்த மருந்து, 22 ஆண்டுக்குப் பின்னும் புற்றின் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக வைத்திருந்தது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதையும் சோதித்து மருந்து கொடுத்ததில், இரைப்பைப் புற்று பாதிக்கு மேல் குறைந்தது. ஜப்பான் 2013 முதல், கிருமியால் வரும் இரைப்பை அழற்சிக்கே காப்பீட்டில் மருந்து தருகிறது. சீக்கிரம் கொடுத்தால் பயன் பெரிது; தாமதித்தாலும் பயன் உண்டு, ஆனால் குறைவு.

எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிடலாமா என்றால், அங்கே நியாயமான தயக்கங்கள் இருக்கின்றன. அமெரிக்க அறிஞர் மார்ட்டின் பிளேசர், இவ்வளவு பழைய துணையை அடியோடு அழிப்பதால் உணவுக்குழாய் நோய்களும் ஆஸ்துமாவும் கூடலாம் என்று எச்சரித்தார். மாட்சு தீவுகளில் அப்படிப்பட்ட விளைவு தென்படவில்லை. என்னை அதிகம் கவலைப்படுத்துவது மருந்தெதிர்ப்பு. முதல் வரிசை மருந்தான கிளாரித்ரோமைசினுக்கு அசைந்துகொடுக்காத ஹெலிகோபாக்டரை 2017இல் உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் மெட்ரோனிடசோல் எதிர்ப்பு ஏற்கெனவே மிக அதிகம். வயிற்றுப்போக்கென்றால் நாமே கடையில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளின் விளைவு அது.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. ‘கேஸ் டிரபிள்’ என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் ஆண்டுக்கணக்காகப் போட்டுக்கொள்பவர்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எரிச்சல் அடங்கிவிடுகிறது. கிருமி அடங்குவதில்லை. கிருமி இருப்பவர்கள் இந்த மாத்திரையை நெடுங்காலம் எடுத்தால் அழற்சி இரைப்பையின் மேல்பகுதிக்கு நகர்கிறது என்று 1996இலேயே ஐரோப்பிய ஆய்வு காட்டியிருக்கிறது. புற்றுக்கு முன்னோடியான சுரப்பி அழிவு நிகழும் பகுதியும் அதுவே. மாத்திரை உள்ளே இருக்கும்போது சோதித்தால் கிருமி இல்லை என்ற பொய்யான முடிவும் வரலாம். அதனால் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

எனவே நம் ஊரில் எல்லோருக்கும் மருந்து என்பதைவிட, யாரைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும் என்பதை முதலில் உறுதிப்படுத்துவது நல்லது. நாற்பதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொந்தரவு, காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவு, கறுப்பு மலம் இருப்பவர்கள் மாத்திரையோடு நாளைக் கடத்தாமல் என்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். அடுத்து, இரைப்பைப் புற்றுநோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும். கிருமி வீட்டுக்குள் பரவுவது, மரபும் அதே வீட்டினுடையது, உணவும் அதுவே. இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேரும் இடம் குடும்பம். ஆனால் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் அண்ணன் தம்பிகளிடம், ‘நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் இன்னும் பரவலாகவில்லை. மலச் சோதனையோ மூச்சுச் சோதனையோ போதும். கிருமி இருந்தால் பதினான்கு நாள் மருந்து. முடித்து நான்கு வாரத்துக்குப் பிறகு, போய்விட்டதா என்று மறுபடி ஒரு சோதனை. ஏற்கெனவே திசு மாற்றம் பரவலாக இருப்பவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டுக்கொரு முறை என்டோஸ்கோபி.

இதற்கான சான்று கொரியாவிலிருந்து 2020இல் வந்தது. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று இருந்த, கிருமியும் இருந்த 1,676 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு மருந்தும் மறுபகுதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, ஒன்பது ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மருந்துக் குழுவில் 10 பேருக்குப் புற்று வந்தது, மற்றதில் 23 பேருக்கு. எந்தக் குழுவில் இருந்தாலும் கிருமி உண்மையிலேயே ஒழிந்துவிட்டவர்களை மட்டும் எண்ணியபோது 608 பேரில் 5 பேர். கிருமி தங்கிவிட்டவர்களில் 979க்கு 28 பேர்.